இன்லைன் போட்டால் அழைப்புச் செலவு குறையும் என்றார்கள், குறைந்தது வேறு ஏதோ

சுழலி எழுதியது:

காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியின் பக்கம் வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பொழுதுபோக்காக, ஒலிக்கோப்புகளை அலசும் கருவி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். கம்பைலர் எஸ்பிசிஎல்தான். சாம்பிள்கள் எல்லாம் டபுள்-ஃப்ளோட் (64 பிட் தசம எண்) அர்ரேயில் இருக்கின்றன. ஒரு பாட்டுக்கு ஏறக்குறைய ஒரு கோடி சாம்பிள் (நொடிக்கு 44,100 வீதம், நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு).

சின்னச் சின்ன ஃபங்ஷன்கள் முப்பது, நாற்பது சேர்ந்துவிட்டன. சின்ன ஃபங்ஷன் என்றால் இன்லைன் போடு (கூப்பிடும் இடத்திலேயே அதன் உடலைப் பதிக்கச் சொல்லும் அறிவிப்பு), அழைப்புச் செலவு மிச்சம் என்று எங்கோ படித்த ஞாபகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றின் தலையிலும் இன்லைன் போட்டுவிட்டேன்.

பெரும்பாலானவற்றில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆனால் இது ஒன்றில் மட்டும் (படிக்க வசதியாக எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தருகிறேன்):

(டிக்ளெய்ம் (இன்லைன் வர்க்கம்))
(டிஃபன் வர்க்கம் (எக்ஸ்)
  (டிக்ளேர் (டைப் டபுள்-ஃப்ளோட் எக்ஸ்))
  (* எக்ஸ் எக்ஸ்))

இதை இன்னொரு கோப்பில் உள்ள "ஆற்றல்" என்ற ஃபங்ஷன் சாம்பிளுக்கு ஒரு தடவை கூப்பிட்டுக் கூட்டுகிறது. கூட்டுத்தொகைக்கும் டைப் சொல்லியிருக்கிறேன். இன்லைன் இல்லாமல் டைம் (ஓட்டத்தை அளக்கும் கட்டளை) போட்டால் 32 கோடி பைட் நினைவகம் ஒதுக்கியதாகச் சொல்கிறது. இன்லைன் போட்டால் கிட்டத்தட்ட பூஜ்யம். ஒரு பெருக்கலுக்கு எதற்கு நினைவகம்?

அடுத்தது எரிச்சல். வர்க்கத்துக்குப் பதில் தனிமதிப்பு எடுத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, ஓடிக்கொண்டிருக்கும் இமேஜில் (உயிரோடு இருக்கும் லிஸ்ப் நிரலில்) வர்க்கத்தை மாற்றி, ஸ்லைம் என்ற எடிட்டர் துணைக்கருவியில் கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-சி அடித்து அதை மட்டும் மறுபடி கம்பைல் செய்தேன். ஆற்றலைக் கூப்பிட்டால் பழைய விடையே வருகிறது. டிரேஸ் போட்டேன் (ஒவ்வோர் அழைப்பையும் அச்சிடும் வசதி), ஒரு வரி வரவில்லை. முக்கால் மணி நேரம் என் கணக்கைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இன்லைன் உண்மையில் எதற்கு?

—

அடைப்புக்குறி எழுதியது:

தம்பி, 32 கோடிக்குக் கணக்கு சுலபம். 64 பிட் எஸ்பிசிஎல்லில் ஒவ்வொரு மதிப்பும் ஒரு வேர்டில், அதாவது 64 பிட்டில், போகிறது. அது முழு எண்ணா, கான்ஸா (இரண்டு மதிப்புகளின் ஜோடி), வேறு எதுவா என்று சொல்ல அந்த வேர்டின் கடைசிச் சில பிட்டுகள் அடையாளத்துக்குப் போய்விடும். டபுள்-ஃப்ளோட் தானே 64 பிட்டையும் நிரப்பிவிடுகிறது, அடையாளம் ஒட்ட இடமில்லை. அதனால் அதை ஹீப்பில் (ஓடும்போது ஒதுக்கும் நினைவகம்) ஒரு பெட்டியில் வைத்து, பெட்டியின் முகவரியைக் கையில் கொடுக்கிறார்கள். பெட்டிக்குத் தலைப்பு 8 பைட், உள்ளே எண் 8 பைட், ஆக 16.

ஆற்றல் வர்க்கத்தைக் கூப்பிடும்போது ஆர்க்யுமென்ட் போக ஒரு பெட்டி, விடை திரும்பி வர ஒரு பெட்டி. 32 பைட், ஒரு கோடித் தடவை. உன் 32 கோடி வந்துவிட்டதா?

வர்க்கத்தை கம்பைல் செய்யும்போது வேகத்தைக் கூட்டி வைத்திருந்தால், ஃப்ளோட்டைச் சுட்டியாக மாற்றுகிறேன், செலவு 13 என்று ஒரு நோட் வந்திருக்கும். நீ உருட்டிவிட்டுப் போயிருப்பாய். அந்த நோட்டைப் படித்துப் பழகு, மற்ற கம்பைலர்கள் வாயே திறக்காத விஷயத்தை அது சொல்கிறது.

இன்லைன் ஆனதும் வர்க்கத்தின் உடல் ஆற்றலுக்குள்ளேயே வந்துவிட்டது. அர்ரேயிலிருந்து எடுத்த எண் பதிவகத்தில் (செயலிக்குள்ளேயே உள்ள இடம்) இருக்கிறது, அங்கேயே பெருக்கல், அங்கேயே கூட்டல். பெட்டிக்கு வேலையே இல்லை. நீ மிச்சப்படுத்தியது அழைப்பை இல்லை, பெட்டியை. மற்ற முப்பது ஃபங்ஷன்களில் பெரும்பாலும் பெட்டி இருந்திருக்காது, அழைப்பு மட்டும்தான் இருந்திருக்கும். அது இன்றைய செயலியில் அவ்வளவு மலிவு, உனக்கு ஒன்றும் தெரியவில்லை.

—

மேக்ரோ மணி எழுதியது:

இதற்கெல்லாம் எதற்கு இன்லைன்? டிஃப்மேக்ரோ போட்டு மேக்ரோவாக்கிவிட்டுப் போங்கள், கம்பைல் ஆகும்போதே கோடு விரிந்துவிடும். அந்தக் காலத்து ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மேக்ரோவை எந்த கம்பைலரும் "முடியாது" என்று சொல்ல முடியாது.

(இதை டிஃபன் டிஃபன் என்று தமிழில் படித்தால் எனக்குப் பசிக்கிறது.)

—

நிலாத்தோப்பு எழுதியது:

மணி, வர்க்கத்தை மேக்ரோவாக எழுதிவிட்டு இப்படிக் கூப்பிட்டுப் பாருங்கள்:

(வர்க்கம் (அடுத்த-சாம்பிள் கோப்பு))

விரிந்த பிறகு அடுத்த-சாம்பிள் இரண்டு தடவை ஓடும். முதல் சாம்பிளையும் இரண்டாவது சாம்பிளையும் பெருக்கி, அதற்கு வர்க்கம் என்று பெயர் வைப்பீர்கள். எண் ஏதோ ஒன்று வரும், பிழைச்செய்தி வராது, பாட்டின் பாதி சாம்பிள்கள் காணாமல் போகும். ஜென்சிம் போட்டு லெட் கட்டி (விடையை ஒரு தனி மாறியில் ஒரு தடவை பிடித்துவைத்து) தடுக்கலாம்தான். ஒவ்வொரு சின்ன ஃபங்ஷனுக்கும் அதை யார் செய்துகொண்டிருப்பது? அப்புறம், மேக்ரோவை மேப்கார் (பட்டியலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டுவது) கையில் கொடுக்க முடியாது. ஃபன்கால் செய்ய, அதாவது மாறியில் வைத்துக் கூப்பிட, முடியாது.

அந்தக் காலத்து ஆட்கள் அப்படிச் செய்தது உண்மை. ஸ்ட்ரக்ட் வரையறுக்கும் பழைய டிஃப்ஸ்ட்ரக்ட், புலம் எடுக்கும் அக்சஸர்களையே மேக்ரோவாகத்தான் உண்டாக்கியது. இந்தத் தொல்லை தாங்காமல்தான் லிஸ்ப் மெஷின் (லிஸ்ப்புக்கென்றே கட்டிய கணினி) ஆட்கள் டிஃப்சப்ஸ்ட் கொண்டுவந்தார்கள். ஃபங்ஷன் மாதிரி எழுது, மேப்காருக்குக் கொடு, கம்பைல் ஆகும்போது மட்டும் உள்ளே பதிந்துகொள்ளும். நம் டிக்ளெய்ம் இன்லைன் அதன் வாரிசு.

—

அடைப்புக்குறி எழுதியது:

நிலா சொன்னதற்கு முன்கதை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்ஐடியில் மேக்லிஸ்ப் என்ற பழைய லிஸ்ப் ஓடியது பிடிபி-10 இயந்திரத்தில். 36 பிட் வேர்டு, 18 பிட் முகவரி. ஒரு வேர்டில் இரண்டு முகவரி சரியாக அடங்கும், அதாவது ஒரு கான்ஸ் என்பது ஒரே வேர்டு. இடப்பக்கப் பாதியை எடுக்க ஒரு கட்டளை, வலப்பக்கப் பாதியை எடுக்க ஒரு கட்டளை. கார் (ஜோடியின் முதல் மதிப்பு) என்றால் முதலாவது, குடர் (மற்ற மதிப்பு) என்றால் இரண்டாவது. இப்போது யோசியுங்கள்: ஒரே கட்டளையில் முடியும் காரியத்துக்கு, ஆர்க்யுமென்டை இடம் மாற்றி, திரும்பும் முகவரியை ஸ்டாக்கில் தள்ளி, தாவி, வேலை முடித்து, மறுபடி எடுத்துத் திரும்புவது என்றால்? அழைப்பு வேலையை விடப் பெரிது. உள்ளே பதிந்தால் நேரமும் மிச்சம், இடமும் மிச்சம். 18 பிட் முகவரியில் மொத்தம் 2,62,144 வேர்டுதான் எட்டும் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டால், அந்த இடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அன்று இதற்கு ஓப்பன்-கோடிங் என்று பெயர். அதன் நோக்கம் நூறு சதவீதம் அழைப்பைத் தவிர்ப்பதுதான்.

இரண்டாவது விஷயம் சுழலியின் எரிச்சலுக்குச் சொந்தம். மேக்லிஸ்ப்பில் கம்பைல் ஆன ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிட்டால் முதல் தடவை நேராகப் போகாது. யுயுஓ என்ற பொறிக் கட்டளை வழியாகச் சிஸ்டத்துக்குள் போய், அந்தப் பெயருக்கு இப்போது என்ன ஃபங்ஷன் என்று பார்த்து, அதன் பிறகு அந்தக் கட்டளையையே அழித்து நேர்த்தாவலாக மாற்றி எழுதிவிடும். இதை இணைப்பை ஸ்னாப் செய்வது என்பார்கள். இரண்டாம் தடவையிலிருந்து வேகம். ஆனால் ஸ்னாப் ஆன பிறகு டிரேஸ் போட்டால்? ஒரு வரி வராது. எல்லா இணைப்புகளையும் அவிழ்த்துவிட ஒரு கட்டளை தனியாக வைத்திருந்தார்கள், இனிமேல் ஸ்னாப் செய்யாதே என்று சொல்ல நோயுயுஓ என்று ஒரு மாறியும் இருந்தது. ஆக, தம்பி, நீ ஞாயிற்றுக்கிழமை பட்ட பாட்டை 1970களிலேயே பட்டு முடித்துவிட்டார்கள்.

1977இல் லிஸ்ப் ஆராய்ச்சியாளர் கை ஸ்டீல், அழைப்பு என்றாலே செலவு என்ற நம்பிக்கையை உடைக்கவே ஒரு கட்டுரை எழுதினார். அழைப்பு என்பது அடிப்படையில் ஆர்க்யுமென்டைக் கையில் பிடித்துக்கொண்டு தாவுவதுதான், கம்பைலர்கள் அதை மோசமாகச் செய்வதால் வந்த கெட்ட பெயர் இது என்பது அவர் வாதம். அடுத்த வருடம், ஸ்கீம் என்ற லிஸ்ப் கிளைமொழிக்கான ராபிட் கம்பைலரில் செய்தும் காட்டினார். அதற்குப் பிறகும் அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. ரிச்சர்ட் கேப்ரியல் 1985இல் லிஸ்ப் சிஸ்டங்களை ஒப்பிட்டு எழுதிய புத்தகத்தில் டாக் என்று ஒரு சோதனை உண்டு. 18, 12, 6 என்று கொடுத்தால் 7 என்று விடை. அதற்குள் 63,609 அழைப்பு. அது முக்கியமாக அளப்பது அழைப்பைத்தான்.

—

நிலாத்தோப்பு எழுதியது:

> நோக்கம் நூறு சதவீதம் அழைப்பைத் தவிர்ப்பதுதான்

அண்ணா, ஒரு சின்னத் திருத்தம். பெட்டிப் பிரச்சினையும் பழசுதான். மேக்லிஸ்ப்பிலும் எண்ணைத் திருப்பிக் கொடுத்தால் பெட்டி வந்தது. ஆனால் அங்கே அதை இன்லைன் வைத்துத் தீர்க்கவில்லை. இந்த ஃபங்ஷன் ஃபிக்ஸ்னம் (முழு எண்) தரும், அது ஃப்ளோனம் (தசம எண்) தரும் என்று அறிவித்தால், எண்ணைப் பெட்டியில்லாமல் திருப்பிக் கொடுக்கத் தனி அழைப்பு முறையே இருந்தது. ஆர்க்யுமென்டுக்கு எண்களை ஸ்டாக்கில் வைத்து, ஸ்டாக்குக்குள் சுட்டியைக் கொடுத்தார்கள். அதையும் ஸ்டீல் 1977இல் எழுதியிருக்கிறார்.

இன்று எஸ்பிசிஎல்லில் பொது அழைப்புக்கு அந்த வசதி இல்லை, எல்லாம் அடையாளம் ஒட்டிய வேர்டாகத்தான் போகும். அதனால் அந்த வேலையும் இன்லைன் தலையில் விழுந்திருக்கிறது. நோக்கம் மாறியது என்று சொல்வதைவிட, மற்றவர்கள் செய்துகொண்டிருந்த வேலையும் இவன் தலையில் சேர்ந்துவிட்டது என்றால் பொருத்தமாக இருக்கும்.

—

அடைப்புக்குறி எழுதியது:

சரிதான், ஒப்புக்கொள்கிறேன்.

—

சுழலி எழுதியது:

மிக்க நன்றி அண்ணா, நன்றி அக்கா. ஸ்னாப் கதை இரவு முழுக்க மண்டையில் ஓடியது.

ஆனால் இன்னொன்று உதைக்கிறது. வேலையில் நான் சி++ எழுதுகிறேன். அங்கே இன்லைன் என்று எழுதினாலும் எழுதாவிட்டாலும் கம்பைலர் தன் இஷ்டத்துக்கு உள்ளே பதிந்துகொள்கிறது. அந்தச் சொல்லுக்கு இன்று உருப்படியான அர்த்தம், ஒரே வரையறை பல கோப்புகளில் வந்தால் கோப்புகளை இணைக்கும் லிங்கர் சண்டை போடக்கூடாது என்பதுதான். லிஸ்ப் கம்பைலர் ஏன் தானாக முடிவெடுப்பதில்லை? வர்க்கம் ஒரே ஒரு பெருக்கல். இதைக்கூடவா கேட்டுச் செய்ய வேண்டும்?

—

நிலாத்தோப்பு எழுதியது:

முடியாமல் இல்லை. வாக்குக் கொடுத்திருக்கிறது, அதனால்.

காமன் லிஸ்ப்பில் ஒரு ஃபங்ஷன் பெயரைக் கூப்பிட்டால், கூப்பிடும் அந்த நேரத்தில் அந்தப் பெயரில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவரைத்தான் கூப்பிட வேண்டும். நீங்கள் இமேஜை நிறுத்தாமல் வர்க்கத்தை மாற்றினால் அடுத்த அழைப்பே புதியதற்குப் போக வேண்டும். பலர் லிஸ்ப்புக்கு வருவதே இதற்காக. கம்பைலர் தன்னிஷ்டத்துக்கு உள்ளே பதிந்தால் இந்த வாக்கு போச்சு. நீங்கள் இன்லைன் என்று எழுதுவது, இந்த ஒரு பெயருக்கு அந்த வாக்கை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று கையெழுத்துப் போடுவது.

காமன் லிஸ்ப்பின் 1994 ஆன்சி தரத்தில் இதற்கு அழகான சாட்சி இருக்கிறது. இன்லைன் என்று அறிவித்தால் கம்பைலர் கண்டுகொள்ளாமல் விடலாம், தப்பில்லை. நாட்இன்லைன் (உள்ளே பதிக்காதே) என்று அறிவித்தால் விட முடியாது, கட்டாயம் கேட்டாக வேண்டும். வேகம் கேட்பது விண்ணப்பம், மாற்றும் உரிமை கேட்பது உத்தரவு. இந்த மொழிக்கு எது முக்கியம் என்று இதைவிடத் தெளிவாக யாரும் எழுதி வைக்க முடியாது.

தரம் கொஞ்சம் இடமும் கொடுக்கிறது. ஒரே கோப்புக்குள் உள்ள ஃபங்ஷன்கள் ஒன்றையொன்று கூப்பிட்டால், அவை அந்தக் கோப்பில் உள்ளவைதான் என்று கம்பைலர் எடுத்துக்கொள்ளலாம், நாட்இன்லைன் இல்லாத வரை. தன்னைத்தானே கூப்பிட்டுக்கொள்வதும் அப்படியே. இதை முழுதாகப் பயன்படுத்தியது சிஎம்யுசிஎல் என்ற காமன் லிஸ்ப்பின் பைத்தான் கம்பைலர் (அந்த மொழி இல்லை, பெயர் மட்டும் ஒன்று). பிளாக் கம்பைலேஷன் என்று சொல்லி ஒரு கோப்பையே ஒரே துண்டாகக் கம்பைல் செய்தது. உள்ளுக்குள் நடக்கும் அழைப்புகளில் ஃப்ளோட் பெட்டியில்லாமல் போகும், வரும். ஒரே இடத்தில் மட்டும் கூப்பிடப்படும் ஃபங்ஷன் தானாக லெட்டாகக் கரைந்துவிடும். 1999இல் எஸ்பிசிஎல் பிரிந்து வந்தபோது இது கூட வரவில்லை. 2020இல்தான், 2.0.2 பதிப்பில், திரும்பி வந்தது. சுழலி, வர்க்கத்தையும் ஆற்றலையும் ஒரே கோப்பில் வைத்து பிளாக் கம்பைல் செய்து பாருங்கள். இன்லைன் இல்லாமலேயே பெட்டிகள் போகும்.

ஸ்கீம் பக்கம் போனால் இந்தக் கேள்வியே எழாது. சேஸ் ஸ்கீம் என்ற கம்பைலரில் சிபி0 என்று ஒரு கட்டம். 1997இல் வாடெல், டிப்விக் இருவரும் அதை விவரித்து எழுதினார்கள். ஒவ்வோர் அழைப்பிலும் உள்ளே பதிந்துதான் பார்க்கும், இத்தனை முயற்சிக்கு மேல் கூடாது, இத்தனை அளவுக்கு மேல் கூடாது என்று இரண்டு கணக்கு வைத்திருக்கும், தாண்டினால் கைவிட்டு அழைப்பாகவே விட்டுவிடும். அங்கே யாரும் இன்லைன் என்று எழுதுவதில்லை, ஏனென்றால் லைப்ரரிக்குள் செட்! (மதிப்பை மாற்றும் கட்டளை) செய்யப்படாத பெயர் மாறாது என்று கம்பைலருக்குத் தெரியும். சி++உம் அதே ஜாதி. நம் ஊர்க் கம்பைலருக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

—

ஜேவிஎம் பக்கம் எழுதியது:

குளோஷர்க்காரன் (ஜாவாவின் ஜேவிஎம் மேல் ஓடும் லிஸ்ப்) உள்ளே வரலாமா?

எங்களிடம் இந்த விவகாரம் இரண்டு மாடியில் நடக்கிறது. கீழ்மாடியில் ஹாட்ஸ்பாட் என்ற ஜேவிஎம். அது ஓடும்போதே பார்த்து உள்ளே பதிக்கும். இயல்பு அமைப்பில் 35 பைட்டுக்குள் அடங்கும் சின்ன மெத்தட், அடிக்கடி ஓடும் சூடான மெத்தட் என்றால் 325 பைட் வரை. தப்பாக ஊகித்துவிட்டால் பின்வாங்கி மறுபடி கம்பைல் செய்துகொள்ளும். அதாவது நிலா அக்கா சொன்ன கையெழுத்தைக் கேட்காமலேயே பதித்து, வாக்கு மீறும் நேரம் வந்தால் அழித்து எழுதும்.

அப்படியானால் மேல்மாடியில் குளோஷர் கம்பைலருக்கு ஏன் இன்லைன் வேண்டும்? கூட்டல் ஃபங்ஷனின் மெட்டாடேட்டாவில் இன்லைன் என்று ஒரு சாவி இருக்கிறது. இரண்டு ஆர்க்யுமென்ட் என்றால் அது நேராக நம்பர்ஸ் கிளாஸின் ஆட் மெத்தடாக மாறும். காரணம் உங்கள் பெட்டிதான். சாதாரண ஃபங்ஷன் அழைப்பாகப் போனால் லாங் (64 பிட் முழு எண்) எல்லாம் பெட்டியிட்ட ஆப்ஜெக்ட் ஆகிவிடும், நேராக மெத்தடாக மாறினால் லாங் லாங்காகவே இருக்கும். அழைப்பு மலிவு என்று எங்களுக்கு என்றைக்கோ தெரியும், ஆனாலும் அந்தச் சாவி அப்படியே இருக்கிறது.

மறுவரையறை வாக்கும் எங்களுக்கு உண்டு, ஒவ்வோர் அழைப்பும் வாரைத் (பெயரின் இப்போதைய மதிப்பு இருக்கும் இடம்) தேடிப் போகும். 1.8இல் (2016) டைரக்ட் லிங்கிங் வந்தது, போட்டால் வார் வழியே போகாமல் நேராகப் போகும். மாற்ற வேண்டியதற்கு மட்டும் ரீடெஃப் என்று அடையாளம் வைக்க வேண்டும். நீங்கள் சொன்ன ஸ்னாப்பின் பேரப்பிள்ளை.

—

ஈமேக்ஸ்வாசி எழுதியது:

எல்லாரும் அழைப்பு மலிவு, அழைப்பு மலிவு என்கிறீர்கள். தனக்கென ஒரு லிஸ்ப் வைத்திருக்கும் ஈமேக்ஸ் எடிட்டருக்கு வந்து சொல்லுங்கள்.

எங்கள் பைட்கோடில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது இன்றைக்கும் பாரம்தான். டிஃப்சப்ஸ்ட் அதே பெயரில், அதே காரணத்துக்காக, இன்னும் உயிரோடு இருக்கிறது. டைப்பும் கிடையாது, பெட்டி விவகாரமும் கம்பைலருக்குத் தெரியாது, வெறும் அழைப்பைத் தவிர்ப்பதுதான். நீங்கள் அருங்காட்சியகத்தில் வைத்தது எங்கள் வீட்டு அடுக்களையில் இருக்கிறது. 2022இல் வந்த 28ஆம் பதிப்பில் நேட்டிவ் கம்பைலேஷன் சேர்ந்த பிறகும் பெரும்பாலான பேக்கேஜ்களில் டிஃப்சப்ஸ்ட் அப்படியே.

அடிபட்டதும் உண்டு. என் சொந்த அமைப்பில், பஃபரின் வகையைச் சொல்லும் ஒரு டிஃப்சப்ஸ்ட்டை ஒரு கோப்பில் வைத்திருந்தேன். ஐந்து கோப்புகள் அதைப் பயன்படுத்தின. ஒரு நாள் அதில் ஒரு நிபந்தனை சேர்த்தேன், அந்த ஒரு கோப்பை மட்டும் மறுபடி கம்பைல் செய்தேன். மற்ற ஐந்தின் ஈஎல்சி (கம்பைல் ஆன) கோப்புகளில் பழைய உடல் அப்படியே பதிந்து கிடந்தது. ஒரு விசை அழுத்தினால் புது நடத்தை, இன்னொன்று அழுத்தினால் பழைய நடத்தை. ஈமேக்ஸுக்குப் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்து மூடித் திறந்தேன், அப்போதும் அப்படியே. பிடித்தது பேய் இல்லை, ஈஎல்சி. இப்போது அந்த மாதிரி ஒன்றைத் தொட்டால் ஈஎல்சி எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

—

மேக்ரோ மணி எழுதியது:

சரி, வர்க்கம் விஷயத்தில் நான் தோற்றேன். அடுத்த-சாம்பிள் உதாரணம் நெஞ்சில் குத்தியது, ஏனென்றால் அச்சு அசலாக அதே பிழையை என் கோடில் நேற்று இரவுதான் கண்டுபிடித்தேன். நிபந்தனைக்குள் ரீட்-லைன்.

ஆனால் முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டேன். அழைக்கும் இடத்தில் என்ன தெரியும் என்பதுதான் இப்போது விஷயம் என்றால், அதற்கு கம்பைலர் மேக்ரோ என்று தனி ஆயுதமே இருக்கிறது. ரெகெக்ஸ் (சரத்தில் தேடும் வடிவம்) லைப்ரரியான சிஎல்-பிபிசிஆர்ஈயில் ஸ்கேன் என்ற ஃபங்ஷனைப் பாருங்கள். நீங்கள் கொடுக்கும் ரெகெக்ஸ் மாறாத சரம் என்றால், கம்பைலர் மேக்ரோ அதைப் பிடித்து, ஸ்கேனரை லோடு ஆகும்போதே ஒரு தடவை கட்டி வைத்துவிடும். மாறியாக இருந்தால் சாதாரண அழைப்பாகவே விட்டுவிடும். லூப்பில் பத்தாயிரம் வரிகளைத் தேடினாலும் ரெகெக்ஸைப் பாகுபடுத்துவது ஒரு தடவைதான். இங்கே அழைப்பு காணாமல் போகவில்லை, அப்படியே இருக்கிறது! வெறும் இன்லைன் போட்டிருந்தால் ஒரு பெரிய ஃபங்ஷனின் உடல் முழுக்க வந்து கொட்டியிருக்கும், ஸ்கேனர் மட்டும் முன்கூட்டிக் கட்டப்பட்டிருக்காது.

—

அடைப்புக்குறி எழுதியது:

மணி தோற்கும்போதும் ஏதாவது ஒன்று கொடுத்துவிட்டுத்தான் தோற்பார்.

அவர் சொன்னதை நம் இன்லைனுக்கே பொருத்துகிறேன். இன்று நான் இன்லைன் போடும் இடங்களை எண்ணிப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே அழைப்பவருக்குத் தெரிந்த ஒன்று அழைக்கப்படுபவருக்குத் தெரியாமல் போகும் இடங்கள். கீ ஆர்க்யுமென்டாக (பெயர் சொல்லிக் கொடுக்கும் மதிப்பு) டெஸ்ட், அதாவது ஒப்பிடும் ஃபங்ஷன், வாங்கும் ஒரு தேடல் ஃபங்ஷன் எழுதுகிறேன் என்று வையுங்கள். தனியாகக் கம்பைல் ஆனால், ஒவ்வொரு தடவையும் கீகளைப் பிரித்து, டெஸ்டை ஃபன்கால் செய்து, எந்த வகை அர்ரே என்று ஓடும்போது பார்த்து... எல்லாம் நடக்கும். உள்ளே பதிந்தால் டெஸ்ட் ஈக்யூ என்று கண்ணெதிரே தெரிகிறது, ஃபன்கால் ஒரே ஒப்பீடாகிவிடுகிறது, கீ பிரிப்பது மாயமாகிறது. லாம்ப்டா (பெயரில்லாத ஃபங்ஷன்) கொடுத்தால் அந்த லாம்ப்டாவின் உடலும் லூப்புக்குள் வந்துவிடும், அதற்கெனத் தனி ஃபங்ஷன் பொருள் உண்டாகவே வேண்டாம். இருபது வரி ஃபங்ஷனுக்கும் நான் இன்லைன் போடுவது இதற்காகத்தான். "சின்ன ஃபங்ஷனுக்கு இன்லைன்" என்ற பழைய விதி இங்கே பொருந்தாது. சின்னதா பெரியதா என்பதைவிட, அழைக்கும் இடத்துக்கு என்ன தெரியும் என்பதைப் பாருங்கள்.

இன்னொரு பயன் பலருக்குத் தெரியாது. டிஃப்ஸ்ட்ரக்ட்டுக்கு முன்னால் அதன் கன்ஸ்ட்ரக்டர் பெயரை இன்லைன் என்று அறிவித்துவிட்டு, லெட்டில் பிடித்த மாறியை டைனமிக்-எக்ஸ்டெண்ட் (இந்த லெட்டைத் தாண்டி உயிரோடு இருக்காது) என்று சொன்னால், எஸ்பிசிஎல் அந்த ஸ்ட்ரக்ட்டை ஸ்டாக்கிலேயே வைக்கும். இன்லைன் இல்லாவிட்டால் முடியாது, கன்ஸ்ட்ரக்டர் வேறு எங்கோ ஹீப்பில் செய்து அனுப்பிவிடும். பிடிபி-10 ஆட்களிடம் போய், ஒரு பொருள் எங்கே பிறக்க வேண்டும் என்று முடிவு செய்ய இன்லைன் போடுகிறோம் என்று சொன்னால் சிரித்திருப்பார்கள்.

எல்லா இடத்திலும் கொட்டாதீர்கள். பல செயலிகளில் கட்டளைகளுக்கான முதல்நிலை கேஷ் (செயலிக்குள் உள்ள வேக நினைவகம்) 32 கிலோபைட்தான். ஒரே உடலை நாற்பது இடத்தில் ஒட்டினால் அது நிரம்பி, மிச்சப்படுத்தியதைவிட அதிகம் போகும்.

சுழலிக்கு வழக்கம் ஒன்று. தரத்திலேயே உள்ள உதாரணம்தான், உன் ஃபங்ஷன் பெயரை வைத்து:

(டிக்ளெய்ம் (இன்லைன் வர்க்கம்))
(டிஃபன் வர்க்கம் ...)
(டிக்ளெய்ம் (நாட்இன்லைன் வர்க்கம்))

முதல் வரி, உடலை எடுத்து வை என்று கம்பைலருக்குச் சொல்கிறது. அது டிஃபனுக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் வந்தால் எடுத்து வைத்திருக்காது, உள்ளே பதிக்க முடியவில்லை என்று எச்சரிக்கை வரும். மூன்றாவது வரி, வேண்டாம், எல்லா இடத்திலும் போடாதே என்கிறது. பிறகு உன் ஆற்றல் ஃபங்ஷனின் சூடான லூப்பில் மட்டும் டிக்ளேர் இன்லைன் வர்க்கம் என்று உள்ளூர் அறிவிப்பு. மற்ற எல்லாரும் சாதாரண அழைப்பு, டிரேஸ் வேலை செய்யும், மாற்றினால் மாறும். எஸ்பிசிஎல்லில் மேபி-இன்லைன் என்றும் ஒன்று உண்டு, உடலை வைத்துக்கொண்டு எங்கே பதிப்பது என்பதைத் தானே பார்த்துக்கொள்ளும். எனக்கு இந்த மூன்று வரிப் பழக்கம்தான் பிடிக்கும், யார் யாருக்குக் கையெழுத்துப் போட்டேன் என்பது கண்ணில் தெரியும்.

கோப்புகளுக்கு இடையே உள்ள சார்பை, நிரலைக் கட்டும் கருவியான ஏஎஸ்டிஎஃப்பில் சரியாக எழுதிவை. வர்க்கம் உள்ள கோப்பு மாறினால் ஆற்றல் உள்ள கோப்பையும் அதுவே மறுபடி கம்பைல் செய்துகொள்ளும். ஈமேக்ஸ்வாசியின் பேய் உன்னிடம் வராது.

—

ஈமேக்ஸ்வாசி எழுதியது:

எங்களுக்கு ஏஎஸ்டிஎஃப் இல்லையே அண்ணா :(

—

சுழலி எழுதியது:

மூன்று நாள் கழித்து வருகிறேன்.

முதலில் எல்லா இன்லைனையும் எடுத்துவிட்டேன். பிறகு கம்பைலர் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன் (அண்ணா சொன்னது போல இதுவரை உருட்டிவிட்டுத்தான் போயிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது). ஃப்ளோட் பெட்டி வரும் இடங்கள் நாலு. சாளரம் நகர்த்தும் ஒரு ஃபங்ஷன், இருபத்தைந்து வரி இருக்கும், ஒரு லாம்ப்டா வாங்கும். அதற்கு இன்லைன் போடலாம் என்று எனக்கு முன்பு தோன்றியதே இல்லை, பெரிசாக இருக்கிறதே என்று விட்டிருந்தேன். ஆக மொத்தம் ஐந்துக்கு மட்டும், அந்த மூன்று வரிப் பழக்கத்தில். மீதி முப்பது சொச்சம் சாதாரண ஃபங்ஷன்தான்.

நிலா அக்கா, பிளாக் கம்பைலேஷனும் போட்டுப் பார்த்தேன். வர்க்கத்தை ஆற்றல் கோப்புக்குள் கொண்டுவந்து வைத்தேன், இன்லைன் இல்லாமலேயே பெட்டிகள் போய்விட்டன. ஆனால் வர்க்கத்தை இன்னும் இரண்டு கோப்புகள் கூப்பிடுகின்றன, அவற்றில் பெட்டி அப்படியே இருக்கிறது. அதனால் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டேன்.

நேற்று மறுபடி வர்க்கத்தைத் தனிமதிப்பாக மாற்றினேன். டிரேஸ் போட்டேன். மற்ற இடங்களிலிருந்து வரிகள் கொட்டுகின்றன, ஆற்றலிலிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை என் கணக்கைச் சந்தேகப்படவில்லை, ஆற்றல் மேல் போய் கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-சி அடித்தேன்.

சாளர ஃபங்ஷனில் இன்னும் ஒரு நோட் மிச்சம் இருக்கிறது. கூட்டல் இரண்டு ஆர்க்யுமென்டும் என்ன வகை என்று தெரியாததால் பொதுக் கூட்டலைக் கூப்பிடுகிறேன் என்கிறது. லாம்ப்டா திருப்பிக் கொடுப்பதற்கு டைப் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். இன்று இரவு பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.